பிரிட்ஜ் மோடில் போட்ட மோடத்துக்கு ஐபி கிடையாதா?

ஜூன் 8, காலை (புதுவயலிலிருந்து ஒரு வாசகர்)

வீட்டுக்கு ஃபைபர் இழுத்தவர் மோடத்தை பிரிட்ஜ் மோடில் (நெட்டை ரவுட்டருக்கு அப்படியே கடத்திவிடும் பாலமாக) போட்டார். என் சொந்த ரவுட்டரில், நெட் கம்பெனியோடு இணைக்கும் பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நெட் ஓடுகிறது, ஆனால் அடிக்கடி அறுகிறது. சிக்னல் எவ்வளவு என்று பார்க்க 192.168.1.1 அடித்தால் ரவுட்டர் பக்கமே வருகிறது. அவரிடம் கேட்டேன். பிரிட்ஜில் போட்டால் மோடத்துக்கு ஐபி முகவரியே கிடையாது, பக்கமும் திறக்காது என்கிறார். உண்மையா அண்ணே?

ஜூன் 8, மதியம்

தப்பு. பிரிட்ஜில் போட்டதும் மோடம் இன்டர்நெட் முகவரி வாங்கும் வேலையை விட்டுவிடும், அந்த வேலை ரவுட்டர் தலையில் விழும். ஆனால் தன் பக்கத்தைத் திறப்பதற்கென்று மோடம் வைத்திருக்கும் முகவரி எங்கும் போகாது. அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள் தம்பி. பெரும்பாலும் 192.168.1.1 இருக்கும், சிலதில் 192.168.0.1 அல்லது 192.168.100.1.

உங்கள் சிக்கல் வேறு. ரவுட்டருக்கும் அதே முகவரி, மோடத்துக்கும் அதே முகவரி. ஒரே தெருவில் ஒரே விலாசத்தில், ஒரே இனிஷியலோடு இரண்டு சிதம்பரம் இருந்தால் தபால் யாருக்குப் போகும்? முதலில் கண்ணில் படுகிறவருக்கு. ரவுட்டரின் லேன் முகவரியை, அதாவது வீட்டுப் பக்கத்து முகவரியை, 192.168.50.1 என்று மாற்றுங்கள். கையால் ஐபி கொடுத்து வைத்த பிரின்டர், கேமரா ஏதாவது இருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டிவரும். அப்புறம் ரவுட்டரில் ஒரு ஸ்டாட்டிக் ரூட் போடுங்கள்: 192.168.1 என்று தொடங்குவதெல்லாம் 192.168.1.1 வழியாகப் போகட்டும். முடிந்தது.

ஜூன் 8, இரவு

முடியவில்லை. என் வீட்டில் செய்து பார்த்தேன், ரவுட்டர் அந்த ஸ்டாட்டிக் ரூட்டை ஏற்கவே இல்லை. யோசித்தால் அதன் பக்கம்தான் நியாயம். "192.168.1.1 வழியாகப் போ" என்று சொல்ல வேண்டுமென்றால், அந்த 192.168.1.1 எங்கே இருக்கிறது என்று அதற்கு முதலில் தெரிய வேண்டும். அது தெரியாததுதானே நம் பிரச்சினை. மதியம் எழுதியதில் ரூட் வரியை அடித்துவிடுங்கள்.

லேன் முகவரியை மாற்றச் சொன்னது மட்டும் சரி. மாற்றிய பிறகு ரவுட்டர் பக்கம் வராது. எதுவுமே வராமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அதுவும் ஒரு முன்னேற்றம்தான்.

ஜூன் 9

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் மோடத்தில் நேராகச் சொருக வேண்டியதுதானே, இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். என் மோடம் இருக்கும் அறைக்குச் சாவி என்னிடம் இல்லை ஐயா.

பள்ளத்தூரில் எங்கள் வீட்டு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நான் உட்கார்ந்து வேலை பார்ப்பது இரண்டாம் கட்டில். ஃபைபர் இழுக்க வந்த பையன் பிளக் பாயின்ட் எங்கே என்று மட்டும் பார்த்தான். முகப்பை ஒட்டிய அறையில் இருந்தது, அங்கேயே மோடத்தை மாட்டிவிட்டுப் போனான். அந்த அறை பங்காளி வீட்டு ஆச்சியின் பங்கு. ஆச்சி இருப்பது சென்னையில், கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் ஊருக்கு வருவார். உள்ளே பித்தளைச் சாமான் இருப்பதால் பூட்டு உள்ளங்கை அகலம். நிலைக்கு அடியில் ஒரு ஃபைபர் உள்ளே போகிறது, ஒரு லேன் வயர் வெளியே வருகிறது. எனக்கும் அந்த மோடத்துக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

வைஃபை ரவுட்டரையும் அங்கேயே வைத்திருந்தால் இரண்டாம் கட்டுக்கு ஒரு கோடுகூட வராது. இந்தச் சுவர்களுக்குச் சுண்ணாம்பை முட்டை வெள்ளைக்கருவோடு குழைத்துப் பூசியவர்கள் யாரும் வைஃபையை நினைத்துப் பூசவில்லை. வயரைத் தரைக்கடியில் புதைக்கலாம் என்றால் ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்க வீட்டில் யார் விடுவார்கள்? ஆகவே எல்லாம் சுவரோரமாகத்தான் ஓடுகிறது. இந்தச் சுவரோரத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

ஜூன் 9, மாலை

வெளியே வரும் வயரை ரவுட்டரிலிருந்து பிடுங்கி லேப்டாப்பில் சொருகினால் என்ன என்று தேவகோட்டை நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

சொருகினேன். லேப்டாப்புக்கு 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரி வந்தது. யாரும் ஐபி கொடுக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். என் மோடத்தில் பிரிட்ஜில் போட்டபோதே, ஐபி கொடுக்கும் டிஎச்சிபியையும் அணைத்திருக்கிறார்கள். கையால் 192.168.1.5, மாஸ்க் 255.255.255.0 கொடுத்தேன். மோடம் பக்கம் உடனே திறந்தது. ஆப்டிகல் ரிசீவ் பவர், அதாவது ஃபைபரில் வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு, −23.6 டிபிஎம். ஆக, ஐபியே கிடையாது என்ற கதை இதோடு ஒழிந்தது.

ஆனால் இப்படிப் பார்க்கும் நேரத்தில் வீட்டில் நெட் கிடையாது. என் வீட்டிலும் நெட் அறுகிறது. அந்தத் தொந்தரவு வருவது ராத்திரி ஏழுக்குமேல், அதுவும் எல்லா நாளும் இல்லை. நெட் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணைப் பார்த்தால்தான் எனக்குப் பிரயோஜனம். அதனால் ரவுட்டர் வழியாகத்தான் போக வேண்டும்.

ஜூன் 11

தகவல் எந்த வழியாகப் போகிறது என்று காட்டும் ட்ரேஸ்ரூட் போட்டுப் பார்த்தேன், புரிந்துவிட்டது. 192.168.1.1க்குப் போகச் சொன்னால் முதல் வரியில் என் ரவுட்டர். இரண்டாவது வரியில் கம்பெனியின் ஏதோ ஒரு முகவரி. அதற்கப்புறம் வெறும் நட்சத்திரம், பதில் இல்லை என்று அர்த்தம். முகப்பு அறைக்குச் சொல்லியனுப்பிய தாக்கல் வீட்டைத் தாண்டி ஊரையும் தாண்டி வெளியூர் போய்த் தொலைந்திருக்கிறது. வழியில் அதே மோடத்துக்குள்ளே நுழைந்துதான் வெளியே போயிருக்கிறது, அதுதான் வேடிக்கை.

காரணம் பிபிபிஓஇ. 1999இல் ஆர்எஃப்சி 2516 என்ற இன்டர்நெட் ஆவணத்தில் எழுதி வைத்த முறை. ரவுட்டருக்கும் கம்பெனிக்கும் நடுவே ஒரு குழாய் போட்டதுபோல. ரவுட்டர் அனுப்புவதெல்லாம் அந்தக் குழாய்க்குள் போய்க் கம்பெனி முனையில்தான் வெளியே விழும். மோடம் குழாயைத் தூக்கிப் பிடித்திருக்கிறதே தவிர உள்ளே என்ன போகிறது என்று பார்க்காது. ரவுட்டருக்குத் தெரியாத எந்த முகவரியானாலும் "வெளியே அனுப்பு" என்பதுதான் கட்டளை, வெளியே என்றால் குழாய். 192.168 வகை முகவரிகள் வீட்டு உபயோகத்துக்கு என்று 1996இலேயே ஆர்எஃப்சி 1918 ஒதுக்கிவிட்டது. கம்பெனி அவற்றைக் கண்டால் கீழே போட்டுவிடும்.

குழாய் ஓடுவது ஒரு சாதாரண ஈதர்நெட் வயருக்குள். அந்த வயர்மேல் ரவுட்டருக்கென்று ஒரு முகவரியும் இல்லை. அதைக் கொடுத்தால் போதும், ரவுட்டர் மோடத்தைப் பக்கத்து வீட்டுக்காரனாக அடையாளம் கண்டுகொள்ளும்.

ஜூன் 12

திறந்தது! இரண்டாம் கட்டிலிருந்து, நெட் ஓடும்போதே.

என் ரவுட்டரில் இருப்பது ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள். அதில் புதிதாக ஒரு இன்டர்ஃபேஸ் உண்டாக்கி "மோடம்" என்று பெயர் வைத்தேன். புரோட்டோகால் ஸ்டாட்டிக். டிவைஸ் என்று கேட்கும் இடத்தில் பிபிபிஓஇ என்று பெயர் தொடங்குவதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, மோடத்து வயர் சொருகியிருக்கும் வான் (WAN) போர்ட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். முகவரி 192.168.1.2, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1. ஃபயர்வாலில் வான் மண்டலத்தில் சேர்க்க வேண்டும்.

வான் மண்டலம் ஏன் என்றால், அங்கே மாஸ்கரேட் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும். அது இல்லாவிட்டால் போகும், திரும்பாது. என் லேப்டாப்பின் முகவரி 192.168.50.20. மோடத்துக்கு அந்தத் தெருவே தெரியாது, பதிலை எங்கே அனுப்புவது என்று விழிக்கும். மாஸ்கரேட் இருந்தால் ரவுட்டர் அனுப்புநர் விலாசத்தை 192.168.1.2 என்று மாற்றி எழுதிவிடும். மோடமும் பக்கத்திலிருந்துதான் கேட்கிறார்கள் என்று நினைத்துப் பதில் கொடுக்கும்.

ஜூன் 12, நள்ளிரவு

கேட்வே கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலியாக. மேலே நான் எழுதியதை அப்படியே செய்து யாராவது நெட்டை இழந்திருந்தால் என்னைத் திட்டிக்கொள்ளலாம்.

கேட்வே கொடுத்தால் வெளியுலகத்துக்குப் போகும் வழியே மோடம்தான் என்று ரவுட்டர் எடுத்துக்கொள்கிறது. மோடத்துக்கு வெளியுலகம் தெரியாது. ராத்திரி ரவுட்டரை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்தேன், அதோடு வீடு முழுக்க நெட் போனது. வளவில் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்கள். அத்தை மட்டும், "என்னத்த நோண்டுன?" என்று நேராகக் கேட்டார்.

ஜூன் 15

ஓப்பன்-டபிள்யூஆர்டி எல்லாம் வேண்டாம், கடையில் வாங்கிய ரவுட்டரில் எப்படி என்று புதுவயல் தம்பி கேட்கிறார். அவரிடம் இருப்பது டிபி-லிங்க். நல்ல காலம், டிபி-லிங்க் ரவுட்டர்கள் பலவற்றில் பிபிபிஓஇ பக்கத்திலேயே செகண்டரி கனெக்‌ஷன் என்று ஒன்று இருக்கிறது. அது ஏன் இருக்கிறது என்று நம் ஊரில் யாரும் கேட்டதில்லை, வாங்கின நாளிலிருந்து டிசேபிள்டு என்றே கிடக்கும். அதை ஸ்டாட்டிக் ஐபி என்று மாற்றி 192.168.1.2, 255.255.255.0 கொடுக்கச் சொன்னேன். கொடுத்தார், மோடம் பக்கம் வந்துவிட்டது.

மைக்ரோடிக் ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது இரண்டு வரி வேலை. பிபிபிஓஇ ஓடும் ஈதர் போர்ட்டுக்கு 192.168.1.2/24 கொடுத்து, அதே போர்ட் வழியாக வெளியே போவதற்கு ஒரு மாஸ்கரேட் விதி. பிபிபிஓஇ இன்டர்ஃபேஸுக்குப் போட்ட மாஸ்கரேட் இதற்கு உதவாது, தனியாகப் போட வேண்டும். கேபிள் டிவி வயரில் நெட் வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்தத் தலைவலியே இல்லை. அங்கே குழாய் கிடையாது, 192.168.100.1 அடித்தால் பல மோடம்கள் தாமாகவே பதில் சொல்லும்.

இவை எதுவும் இல்லாத ரவுட்டர் என்றால் வயரைப் பிடுங்கி லேப்டாப்பில் சொருகுவதுதான் வழி. வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து கிடையாது.

ஜூன் 16

புதுவயல் தம்பியின் எண் −19.4. நல்ல சிக்னல், என்னுடையதைவிட நல்லது. நெட் அறுவதற்கும் மோடத்துக்கும் சம்பந்தமே இல்லை. ரவுட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு வாரம் கழித்து இன்றைக்குத்தான் கேட்டேன். இரும்பு பீரோவுக்குப் பின்னால் என்கிறார்.

ஜூன் 17

தேவகோட்டை நண்பர் வேறு வழி சொல்கிறார்: மோடத்தின் இரண்டாவது லேன் போர்ட்டிலிருந்து ரவுட்டரின் லேன் போர்ட்டுக்கு இன்னொரு வயர். மோடத்துக்கு ரவுட்டரின் தெருவிலேயே ஒரு முகவரி, 192.168.50.2 என்பதுபோல. ரவுட்டரில் எந்த அமைப்பையும் தொட வேண்டாம் என்கிறார்.

வேலை செய்யும். ஆனால் மோடத்தில் டிஎச்சிபி அணைந்திருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொருகுங்கள். இதை என் தங்கை வீட்டில் செய்துவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு பந்திக்கு இரண்டு பேர் இலை போட்டால் எப்படி இருக்கும்? பாதிப் போன்களுக்கு ரவுட்டர் முகவரி கொடுத்தது, மீதிக்கு மோடம் கொடுத்தது. மோடத்திடம் வாங்கியவற்றுக்கு நெட் இல்லை. போனை அணைத்துப் போட்டால் சில சமயம் வரும், சில சமயம் வராது. கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. என் வீட்டில் அந்தக் கவலை இல்லை, நிலைக்கடியில் இரண்டாவது வயருக்கு இடமே கிடையாது.

ஜூன் 20

எல்லாம் செய்தும் திறக்கவில்லை என்று மூன்று பேர். மூவருக்கும் மூன்று காரணம்.

ஒருவருக்கு பிரவுசர் கோளாறு. பழைய மோடம்கள் வெறும் எச்டிடிபியில்தான் பேசும், பிரவுசரோ எச்டிடிபிஎஸ் என்று தானாக மாற்றிவிட்டு முரண்டு பிடிக்கும். எச்டிடிபி என்று முழுதாக அடித்தபின் வந்துவிட்டது.

இன்னொருவர் ரவுட்டரில் விலேன் எண் (ஒரே வயரைப் பல தனி வயர்கள்போலப் பிரிக்கும் எண்) கொடுத்து பிபிபிஓஇ ஓட்டுகிறார். அவர் 192.168.1.2ஐ அந்த விலேன்மேல் வைத்திருந்தார். மோடத்தின் பக்கம் விலேன் எண் இல்லாத வெறும் வயரில்தான் கேட்டுக்கொண்டிருந்தது. வெறும் வான் போர்ட்டுக்கு மாற்றியதும் சரியானது.

மூன்றாமவருக்கு இன்னும் வரவில்லை. பிரிட்ஜுக்கு ஒதுக்கிய போர்ட்டிலிருந்து தன் பக்கத்தைக் காட்டாத மோடங்களும் உண்டு, வேறு போர்ட்டில் சொருகினால்தான் காட்டும். அவருடையது அந்த ரகமாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 21

இதனால் வெளியாள் மோடத்துக்குள் நுழைய முடியுமா என்று ஒரு கேள்வி. நாம் திறந்தது வீட்டுக்குள்ளிருந்து மோடத்துக்குப் போகும் வழியை மட்டும். எதிர்த்திசையில் வான் மண்டலத்திலிருந்து உள்ளே வர ஃபயர்வால் விடாது. கம்பெனி தன் பக்கத்திலிருந்து மோடத்தை நிர்வகிக்க டிஆர்-069 என்று தனிப் பாதை வைத்திருப்பது உண்டு, அது நாம் செய்ததற்கு முன்பும் இருந்தது. மோடத்தின் பாஸ்வேர்டு இன்னும் "அட்மின்" என்றே இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

ஜூலை 3

என் கதைக்கு வருகிறேன். பத்து நாளாக மணிக்கொரு தரம் எண்ணைக் குறித்தேன், தாளில், பேனாவால்.

பகலெல்லாம் −23.5, −23.6. ராத்திரி ஏழுக்கு மேல் −28.4. ஒன்பதரைக்கு மறுபடியும் −23.6. சில நாள் மட்டும் இறங்கவே இல்லை.

எண் தெரியாதவர்களுக்கு: மைனஸில் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு மங்கல். 3 குறைந்தால் வெளிச்சம் பாதி. ஜிபான் என்ற ஃபைபர் வகை மோடங்களுக்குப் பொதுவாக −8 முதல் −27 வரை தாங்கும். −27 என்றால் ஒரு மில்லிவாட்டில் ஐந்நூறில் ஒரு பங்கு, அதையும் வைத்துக்கொண்டு இவை வேலை செய்வதே அதிசயம். எனக்கு ராத்திரியில் பகல் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வந்து சேருகிறது.

கம்பெனிக்குப் போன் செய்தால், "சாயங்காலம் எல்லாரும் யூஸ் பண்றாங்க சார், லோடு" என்கிறார்கள். ஊரே சேர்ந்து படம் பார்த்தாலும் வேகம் குறையுமே தவிர வெளிச்சம் குறையாது. யாரோ எங்கேயோ ஃபைபரை மடக்குகிறார்கள். ஏழு மணிக்கு மடக்கி ஒன்பதரைக்கு விடுகிறார்கள்.

ஜூலை 4

கதவு!

விளக்கு வைத்ததும் பின்வாசலைச் சாத்திவிட்டு முகப்புக் கதவு இரண்டையும் விரியத் திறப்பது வீட்டு வழக்கம். பகலில் ஒரு கதவுதான் திறந்திருக்கும். இரண்டாவது கதவு, அந்த பர்மா தேக்குப் பலகை, போய் முட்டும் சுவரோரத்தில்தான் ஃபைபர் ஓடுகிறது. கீல் பக்கம் ஒரு கிளிப் கழன்றிருக்கிறது. கதவு திறந்ததும் ஃபைபர் முக்கோணமாக மடிகிறது. ஒன்பதரைக்குக் கதவைச் சாத்திவிட்டுப் படுக்கப் போவோம். எண் இறங்காத நாட்களை வீட்டில் கேட்டுப் பார்த்தேன், அன்றெல்லாம் அத்தை கோயிலுக்குப் போயிருந்தார், விளக்கு வைத்த பெண் ஒரு கதவை மட்டும் திறந்திருக்கிறாள்.

சாதாரண ஃபைபரை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்கக் கூடாது. வளைவைத் தாங்கும் ஜி.657 வகையிலேயே ஏ1 என்றால் 10, ஏ2 என்றால் 7.5. கதவுக்கும் சுவருக்கும் நடுவே எனக்கு ஒரு விரல்கூட நுழையவில்லை. கிளிப்பை ஒரு சாண் தள்ளி அடித்தேன். இன்று ஏழே காலுக்கு, இரண்டு கதவும் திறந்திருக்க, −23.5.

ஜூலை 5

"மெயின் வாசலை நீயே மறைச்சு வயர் ஓட விட்டா லட்சுமி எப்படி வருவா?" என்று அத்தை கேட்கிறார். ஜி.657இல் இதற்குப் பதில் இல்லை.

ஆகஸ்ட் 30

படைப்புக்கு ஆச்சி வந்திருக்கிறார். மூன்று மாதமாக எட்ட நின்று பேசிய மோடத்தை இன்றுதான் நேரில் பார்த்தேன். பித்தளை அண்டாவுக்கு மேலே, தூசியோடு. இரண்டாம் கட்டிலிருந்தே அதன் பக்கத்தைத் திறந்து ஆச்சிக்குக் காட்டினேன், பெருமைக்குத்தான். சாவியில் ஒரு நகல் வெட்டிக்கொள்ளட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"அதான் இங்கனருந்தே எல்லாம் பாத்துக்கிறியேப்பா, சாவி எதுக்கு?"

செப்டம்பர் 2

ஆச்சி நேற்று ராத்திரி வண்டியில் கிளம்பிப் போனார். காலையிலிருந்து மோடம் பக்கம் திறக்கவில்லை, நெட்டும் இல்லை. இன்டர்ஃபேஸ், மாஸ்க், ஃபயர்வால் எல்லாம் ஒரு மணி நேரம் பார்த்தேன். அப்புறம் ஆச்சிக்குப் போன் செய்தேன். பூட்டும்போது பழக்கத்தில் சுவிட்சையெல்லாம் அணைத்துவிட்டாராம்.

இதைப் போன் நெட்டில் எழுதுகிறேன். சாவி கூரியரில் வருகிறது.